எதிர்வீட்டை இடித்த வருடம்

எதிர்வீட்டை இடித்து முடிக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. ரொறன்ரோவில் கிழமை நாட்களில் காலை 7 மணிக்கு முன்னர் கட்டட வேலைச் சத்தம் போடக்கூடாது. ஏழு மணி ஆனதுதான், மஞ்சள் நிற எக்ஸ்கவேட்டர் தன் வாளியைத் தூக்கிக் கூரை முகட்டில் வைத்து அழுத்தியது. அன்றைக்கு நான் பின்னேர வேலை. யன்னலடியில் தேத்தண்ணியோடு நின்று பார்த்தேன். பத்து மணியளவில் குசினிச் சுவர் ஒன்று மட்டும் தனியாக நின்றது. கீழ்ப்பாதியில் பச்சைப் பூப்போட்ட ஓடுகள். மேலே வெளிறிப்போன மஞ்சள் பூச்சில், கலண்டர் தொங்கிய இடம் மட்டும் நிறம் மங்காமல் ஒரு சதுரமாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அந்தச் சுவரும் லொறியில் ஏறிவிட்டது.

எங்கள் தெரு ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கிறது. எல்லாம் ஐம்பதுகளில் கட்டிய செங்கல் பங்களோக்கள். மேலே ஒரே ஒரு தளம், கீழே பேஸ்மென்ட், முன்னால் ஒரு மேப்பிள் மரம், பின்னால் நீண்ட வளவு. உலகப்போர்க் காலத்தில் எக்லின்டன் வீதிக்குப் பக்கத்தில் வெடிபொருள் ஆலை ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அந்த நீளத்துக்குக் கோல்டன் மைல் என்று பெயர். அங்கே வேலைசெய்தவர்கள் சம்பளத்தில் வாங்கக்கூடிய மாதிரிக் கட்டப்பட்ட வீடுகள் இவை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஜெனரல் மோட்டர்ஸின் வான் ஆலை 1993இல் மூடியது. வீடுகள் நின்றன. அந்த வீடுகளுக்குத்தான் நாங்கள் வந்து சேர்ந்தோம்.

நாங்கள் என்றால் 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையைவிட்டு வந்தவர்கள். எங்கள் ஆட்களில் கனபேர் முதலில் இறங்கியது வெலெஸ்லியும் பார்லமென்ட்டும் சந்திக்கிற இடத்தில், சென்ற் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில். நானும் 1994இல் அங்கே மாமா வீட்டு வரவேற்பறையில் படுத்தவன்தான். கல்யாணம் முடித்து 1996இல் மனைவியோடு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட்டுக்கு வந்தேன். மேலே வீட்டுக்கார அண்ணையும் குடும்பமும். எங்கள் வாடகை அவருடைய மோட்கேஜில், அதாவது வீட்டுக்கடனில், ஒரு துண்டைக் கட்டியது. மூன்று வருடம் கழித்து இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது, எங்கள் பேஸ்மென்ட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த இரண்டு பெடியன்கள் இருந்தார்கள். அவர்களுடைய வாடகை எங்கள் மோட்கேஜுக்குப் போனது. அவர்களில் ஒருவருக்கு இன்றைக்கு ஏஜாக்ஸில் சொந்த வீடு. அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், போன வருடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்வார்.

இப்படி ஒருவர் தோளில் ஒருவர் ஏறி வந்த கதைதான் ஸ்காபரோத் தமிழருடையது. இத்தாலியரும் கிரேக்கரும் எங்களுக்கு முன்னர் அதே மாதிரித்தான் ஏறினார்கள். ஏறுவதற்கு ஒரு முதல் படி வேண்டும். அந்தப் படி இந்தப் பங்களோ.

சட்டம் அந்தப் படியை எப்போதும் நல்ல கண்ணோடு பார்த்ததில்லை. வீட்டுக்குள் இன்னொரு வீடு வைத்து வாடகைக்கு விடலாம் என்று ஒன்ராறியோ மாகாண அரசு 1994இல் சட்டம் போட்டது. 1996இல் அடுத்த அரசு வந்து அதை மாற்றியது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் ரொறன்ரோ நகரசபை தன் பங்குக்கு அனுமதி கொடுத்தது. இடையில் இருந்த வருடங்களில், கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் மேலே உள்ளவர்களும் பயந்தார்கள், கீழே உள்ளவர்களும் பயந்தார்கள். நாங்கள் இருந்த பேஸ்மென்ட்டின் வாசலுக்கு இலக்கம் கிடையாது. கடிதங்கள் மேல் வீட்டு இலக்கத்துக்குத்தான் வரும். இரண்டு குடும்பம் இருந்த இடத்தில் நகரத்தின் கண்ணுக்கு ஒரு குடும்பம்தான் இருந்தது.

எதிர்வீட்டிலும் இரண்டு குடும்பம் இருந்தது. மேலே ஒரு இத்தாலிய அம்மா, தனியாக. கணவர் கொங்கிறீற் வேலை செய்தவர், நாங்கள் வரமுதலே இறந்துவிட்டார். கீழே பேஸ்மென்ட்டில் ஒரு பிலிப்பீனியப் பெண், இரண்டு பிள்ளைகளோடு. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மேலே இருக்கிற அம்மாவின் குளிசைகளைக் கிழமைக்கு ஒருமுறை பெட்டியில் அடுக்கி வைப்பதும் அவள்தான்.

அந்த அம்மா பின்வளவில் ஒரு அத்திமரம் வைத்திருந்தார். கனடாக் குளிரில் அத்தி நிற்காது. அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் அவர் ஒரு வேலை செய்வார். மரத்தின் ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் வெட்டி, மரத்தை மெல்லச் சரித்து, நீளமாக வெட்டிய குழிக்குள் படுக்க வைப்பார். மேலே பழைய கார்ப்பெட், அதற்கு மேலே பலகை, பிறகு மண். ஏப்ரலில் தோண்டி எடுத்து நிமிர்த்துவார். கடைசி ஐந்தாறு வருடம் அவருக்கு ஏலாது. நானும் கீழ்வீட்டுப் பெண்ணின் மூத்த மகனும் குழி வெட்டினோம். அவர் கதிரையில் இருந்து எங்கே வெட்டவேண்டும் என்று கையால் காட்டுவார். ஓகஸ்டில் பழம் பழுத்தால் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரும், ஒரு கிண்ணம் கீழே இறங்கும்.

அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், கிடைக்கிற விலைக்குத்தான் யாரும் விற்பார்கள். வீடு பார்க்க வந்தவர்களில் ஒரு இளம் தமிழ்த் தம்பதியும் இருந்தார்கள். இரண்டு பேரும் வேலை, கையில் ஒரு குழந்தை. என் வாசலில் நின்று, இந்தத் தெருவில் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாங்கியது ஒரு பில்டர்.

ஏன் எப்போதும் பில்டர்தான் முந்துகிறார் என்று எனக்கு விளங்கினது, வீடு கட்டி விற்கிற ஒரு தம்பியோடு கதைத்த பிறகுதான். எங்கள் கோயிலுக்கு வருகிறவர். எதிர்வீட்டைக் கட்டியவர் இவரில்லை. "அண்ணை, ஒரு குடும்பம் வரேக்க வீட்டைப் பார்க்கும். கூரை ஒழுகுதா, வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் பழசா எண்டு பார்க்கும். நான் வரேக்க காணியை மட்டும்தான் பார்ப்பன்" என்றார். 

பேனையை எடுத்து அவர் போட்ட கணக்கு இது. நாற்பது அடி அகலம், நூற்றிருபது அடி நீளம், 4,800 சதுர அடிக் காணி. எங்கள் பக்கத்தில் பல இடங்களில் காணியின் 33 சதவீதத்தில் கட்டடம் நிற்கலாம். அது 1,584 சதுர அடி. இரண்டு மாடி போட்டால் 3,168. கீழே பேஸ்மென்ட் வேறு. இப்போது நிற்கிற பங்களோ ஏறக்குறைய ஆயிரம் சதுர அடி. ஆக, பில்டரின் கண்ணில் அந்தக் காணியில் இரண்டாயிரம் சதுர அடிக்கு மேல் வெறும் காற்று சும்மா கிடக்கிறது. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்கிறார். ஆயிரம் சதுர அடி வீட்டில் குடியிருக்க வருகிற குடும்பம் அந்த விலையோடு மல்லுக்கட்ட முடியாது.

வீட்டு விலையைப் பற்றி எல்லாரும் வட்டி, வெளிநாட்டுக் காசு, ஆள் கூடிப்போனது என்று பல காரணம் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு அளவு உண்மை இருக்கிறது. 1996இல் ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஒரு வீட்டின் சராசரி விலை 2 இலட்சம் டொலருக்குக் கொஞ்சம் குறைவு. 2022 பெப்ரவரியில் அது 13 இலட்சத்து 34 ஆயிரம். அதன் பிறகு இறங்கியிருக்கிறது. ஆனால் என் பேஸ்மென்ட்டில் இருந்த பெடியன்கள் வாங்கிய காலத்துக்கு அது ஒருநாளும் திரும்பப் போவதில்லை. ஒரு தெருவுக்குள் இருந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. தெருவிலேயே மலிவான வீட்டைத்தான் தேடி இடிக்கிறார்கள். நன்றாகப் பேணிய வீட்டை யாரும் இடிப்பதில்லை. கிழவியோ கிழவனோ தனியாக இருந்து, இருபது வருடம் பெயின்ட் அடிக்காமல், குசினி மாற்றாமல் விட்ட வீடு. ஒரு இளம் குடும்பம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி இருக்கக்கூடிய ஒரே வீடு அதுதான்.

எதிரே எழும்பிய வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைக் கல்லும் கறுப்பு யன்னலும். தரையிலிருந்து வாசலுக்கு ஏழு படி. கார் இரண்டு நிற்கிற கராஜ் முகப்பின் பாதியைப் பிடித்திருக்கிறது. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அதன் நிழல் தெருவைத் தாண்டி எங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். முன் மேப்பிள் தப்பியது. முப்பது சென்றிமீற்றரும் அதற்கு மேலும் பருத்த மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்ற சட்டம் அதைக் காப்பாற்றியது. அத்திக்கு அந்தப் பருமன் இல்லை. பேஸ்மென்ட் இருக்கிறது, அதில் ஒரு சினிமா அறையும் உடற்பயிற்சி அறையும் இருக்கின்றன. குடிவந்தவர்கள் அருமையான மனிதர்கள். போன ஜனவரியில் பெரிய ஸ்னோ கொட்டியபோது எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். கணவன், மனைவி, ஒரு மகள்.

நான்கு பேர் இருந்த இடம். இப்போது மூன்று பேர். கட்டடம் மூன்று மடங்கு.

இந்த மாதிரி வீட்டை இங்கே மொன்ஸ்டர் ஹோம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் வான்கூவரில் பழைய வீடுகளை இடித்துப் பெரிய வீடுகள் எழும்பியபோது அந்தச் சொல் ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் மேல்தான் விழுந்தது. வீட்டைத் திட்டுகிற சாட்டில் ஆட்களைத் திட்டினார்கள். அதே வான்கூவரில் இன்னொரு கதையும் உண்டு. 1965 முதல் இருபது வருட காலம் வான்கூவர் ஸ்பெஷல் என்று ஒருவகை வீடு ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. சிறிய வீட்டை இடித்து, காணியின் நீளத்துக்குப் பெட்டி மாதிரி இரண்டு தளம். முகப்பில் கொஞ்சம் செங்கல், மேலே ஒரு சின்ன பால்கனி. அழகில்லை என்று ஊரே முகம் சுளித்தது. கடைசியில் விதிகளை மாற்றி நிறுத்தினார்கள். ஆனால் அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுக்க இன்னொரு குடும்பம் இருக்கக்கூடிய மாதிரி அமைந்திருந்தது. வந்தேறிய குடும்பங்கள் மேலே இருந்து கீழே வாடகைக்கு விட்டன, அல்லது தாய் தகப்பனை வைத்துக்கொண்டன. இன்றைக்கு அதே வீடுகளைத் தேடி வாங்கித் திருத்துகிறார்கள்.

அதனால் பெரிய கட்டடம் என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அதற்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதுதான் என் கேள்வி.

ரொறன்ரோவின் நகரத் திட்ட வரைபடத்தைப் பார்த்தால், குடிமனைப் பகுதிகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருக்கும். நகரத்தின் பெரும் பரப்பு மஞ்சள். அதிலும் ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ பக்கங்களில் பெரும்பாலான இடங்களில் தனி வீட்டைத் தவிர வேறெதையும் கட்டக்கூடாது என்பதுதான் பல பத்து வருடங்களாக விதியாக இருந்தது. தனி வீடு என்றால் எவ்வளவு பெரிதாகவும் கட்டலாம், அளவுக்குள் நின்றால் சரி. பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுவதைத் தவிர, அதே அளவுக்குள் இரண்டு வாசல் வைத்து இரண்டு வீடாகக் கட்ட வழியிருக்கவில்லை. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு, காணி விலை ஏற ஏற பில்டர் என்ன செய்வார்? ஒரே வீட்டைப் பெரிதாக்குவார். பிள்ளைகள் வளர்ந்து போகப் போக, மஞ்சள் பகுதிகள் பலவற்றில் ஆட்தொகை குறைந்தது. நகரத்தின் மற்றப் பக்கம் அறுபது மாடி எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில்.

2023 மே மாதம் அந்த விதி மாறியது. நகரத்தின் எந்தக் குடிமனைக் காணியிலும் நான்கு வீடு வரைக்கும் உள்ள கட்டடம் போடலாம் என்று நகரசபை தீர்மானித்தது. பின்வளவில் சிறு வீடு ஒன்று கட்ட 2022இலேயே அனுமதி வந்துவிட்டது. புதுக் கட்டடத்துக்கு இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம் என்ற விதியையும் 2021 டிசம்பரில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். ஆறு வீட்டுக் கட்டடத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுவரும் யோசனை 2025 ஜூனில் வந்தபோது மட்டும் நகரசபை பின்வாங்கி, ஒன்பது வட்டாரங்களுக்கு அனுமதித்தது. ஸ்காபரோவில் அந்த ஒன்பதுக்குள் வந்தது வட ஸ்காபரோ ஒன்றுதான்.

சரி, சட்டம் வந்துவிட்டதே, பிறகும் ஏன் எதிரே ஒரு வீடு என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். "நாலு வீடெண்டா நாலு குசினி, நாலு வாசல், இடையில நெருப்புத் தாங்கிற சுவர். கட்டி முடிச்சாலும் ஒவ்வொண்டா விற்க ஏலாது, கொண்டோவாப் பதியவேணும், அது வேற அலைச்சல். ஒரு ஆள் முழுசா வாங்கி வாடகைக்கு விட வரவேணும். பெரிய வீடெண்டா கூரை போட முதலே ஆள் வந்துரும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். நான்கோடு பின்வளவில் ஒன்று சேர்த்து ஐந்தாக்கினால், மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனமான சிஎம்எச்சி வாடகைக் கட்டடங்களுக்குக் கொடுக்கிற கடன் காப்புறுதிக்குள் வரலாம், நீண்ட காலத் தவணையில் கடன் எடுக்கலாம். "அடுத்த காணியில அதைத்தான் பார்க்கப் போறன் அண்ணை. ஆனா பக்கத்து வீட்டுச் சனம் விடுமோ தெரியாது."

அவர் பயந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டுப் பில்டர், நகரசபை விதித்த அளவைவிடக் கொஞ்சம் கூடக் கட்டவேண்டும் என்று விதிவிலக்குக் கேட்டபோது, அறுபது மீற்றருக்குள் இருக்கிற எல்லா வீட்டுக்காரருக்கும் அறிவித்தல் வந்தது. யாரும் எதிர்த்து ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அது பெரிதாக இருந்தால் என்ன, எங்கள் வீட்டு விலையும் ஏறும் என்று ஒரு எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் மூலை வீட்டில் அதே மாதிரி அறிவித்தல் பலகை. நான்கு வீட்டுக் கட்டடம். உயரமும் அகலமும் எதிர்வீட்டோடு ஒட்டி வரும். நீளம் மட்டும் கொஞ்சம் கூட என்பதால் விதிவிலக்குக்குப் போயிருக்கிறது. பலகை நட்டு ஒரு கிழமைக்குள் எதிர்ப்புக் கையெழுத்துத் தாள் வீடு வீடாக வந்தது. 2022 நவம்பருக்குப் பிறகு ஒன்ராறியோவில் இப்படிப்பட்ட முடிவை எதிர்த்து அயலவர் மேன்முறையீடு செய்ய முடியாது. விசாரணையில் சொல்லலாம், அவ்வளவுதான். அதனால் விசாரணைக்கு முதலே முடிந்தளவு பெயர் சேர்க்கவேண்டும் என்று ஒரு அவசரம்.

எங்கள் வீட்டுக்குத் தாளைக் கொண்டுவந்தவர் நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணை. எனக்குப் பத்து வயது மூத்தவர். கதவைத் திறந்ததும் உள்ளே வந்து இருந்தார், மனைவி தேத்தண்ணி போட்டாள்.

"தம்பி, நாலு வீடெண்டா எத்தனை கார் வரும்? எங்க விடப் போகினம்? வாடகைச் சனம் வந்தா றோட் கெட்டுப்போகும்."

"அண்ணை, நீங்களும் நானும் வாடகைச் சனமாத்தானே இந்தப் பக்கம் வந்தனாங்கள்."

"அது வேற காலம்."

"உங்கட பேஸ்மென்ட்டில எத்தினை பேர் இருந்தவை? ஒரு நேரம் ஏழு பேர் இருந்தது எனக்குத் தெரியும். மூண்டு கார் நிண்டது."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டைப் பார்த்தார். இதைக் கட்டினபோது யாரும் கேட்கவில்லையே அண்ணை, அளவு இரண்டும் ஒன்றுதானே, உள்ளே குடும்பம் கூட என்பது ஒரு குறையா என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிலிப்பீன் பிள்ளை இப்ப எங்க?" என்றார்.

"ஒஷாவாவில."

"வேலை?"

"முந்தின இடம்தான். விடிய நாலரைக்கு எழும்பி வாறா. பெடியன் பள்ளிக்கூடம் மாறிட்டான்."

"நல்ல பெடியன்" என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். என் பெயர் அதில் இல்லை. அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை.

விசாரணை அடுத்த மாதம். ஆதரவுக் கடிதத்தை நான் போன திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன். நீளம், அகலம், நிழல் எல்லாவற்றையும் பற்றி எழுதத் தொடங்கினேன். பிறகு அதை அழித்துவிட்டு, 1999இலிருந்து எனக்கு நினைவிருக்கிற வரையில் இந்தத் தெருவில் எந்த வீட்டின் கீழே யார் யார் இருந்தார்கள், இன்றைக்கு அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஒன்றரைப் பக்கம் வந்தது.